குழந்தையைப் பார்க்க, வெளிநாடு கூட்டிப்போக, போகவிடாமல் தடுக்க: குடும்பநல நீதிமன்றத்தில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

முதல் உத்தரவு என் கைக்கு வந்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு வரி. மனுதாரர் குழந்தையை நியாயமான நேரங்களில் பார்த்துக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டு நீதிமன்ற வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். அடுத்த ஏழு மாதத்தில் என் மகளை நான் பார்த்தது நான்கே முறை. சனிக்கிழமை போனால் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை போனால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், போன் செய்தால் தூங்குகிறாள். உத்தரவை மீறுகிறார்கள் என்று நீதிமன்றத்தில் போய்ச் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் மீறுவதற்கு அந்த உத்தரவில் எதுவுமே இல்லை. நாள் இல்லை, மணி இல்லை, இடம் இல்லை.

அப்போதுதான் புரிந்தது, இந்த மாதிரி வழக்குகளில் ஜெயிப்பது தோற்பது என்பதெல்லாம் உத்தரவில் எந்த வார்த்தை எழுதப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. நீதிபதி பெரும்பாலும் நீங்கள் கேட்ட பரிகாரத்தை, அதாவது மனுவில் என்ன உத்தரவு வேண்டும் என்று கேட்டீர்களோ அதை, வைத்துத்தான் எழுதுவார். நீங்கள் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் உத்தரவும் பொத்தாம்பொதுவாக வரும். கீழே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டுக் குடும்பநல நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளை மனதில் வைத்துச் சொல்வது. பார்க்க முடியாமல் தவிப்பவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயப்படுபவர், முறையாக அனுமதி வாங்கிக் குழந்தையோடு பயணம் போக நினைப்பவர், மூன்று பேருக்குமே இது.

எங்கே, என்ன மனு

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் தனி வழக்கு தேவையில்லை. இந்து திருமணச் சட்டம் பிரிவு 26-ன் கீழ் அதே வழக்கில் ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு குழந்தையைப் பார்க்கும் உரிமை கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் இதே வேலையைப் பிரிவு 38 செய்கிறது. விவாகரத்து வழக்கே இல்லை, பிரிந்து மட்டும் இருக்கிறோம் என்றால் 1890-ம் வருடத்துப் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தின் (கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்) கீழ் மனு. வக்கீல்கள் வாயில் இது ஜி.டபிள்யூ.ஓ.பி. இந்தச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. எந்த ஊர் நீதிமன்றம் என்பதைக் குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும் (பிரிவு 9), உங்கள் வீடு எங்கே, கல்யாணம் எங்கே நடந்தது என்பதல்ல. இதில் தப்புச் செய்து ஊர் மாற்றிப் போட்டு, அதிகார வரம்பு பற்றி வாதம் செய்தே ஒரு வருடம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமை அல்ல, நீதிமன்றம் அனுமதித்தால்தான் என்று 1984-ம் வருடக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 13 சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அனுமதித்துவிடுகிறார்கள். நீங்களே நேரில் பேசுவதற்கும் தயங்க வேண்டாம், பல நீதிபதிகள் பெற்றோர் வாயிலிருந்து கேட்கத்தான் விரும்புகிறார்கள்.

பார்க்கும் உரிமையை எப்படி எழுதிக் கேட்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மனுவின் கடைசியில் வரும் பரிகாரப் பத்தியை வக்கீலிடம் முழுசாக விட்டுவிடாதீர்கள், உட்கார்ந்து நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. எந்த இடத்தில் யார் கொண்டுவந்து விட வேண்டும், யார் எங்கே திருப்பி விட வேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் நாளே டாக்டர் சீட்டோடு தெரிவித்து, அதே மாதத்தில் வேறு நாள் தர வேண்டும் (இந்த ஒரு வரி இல்லாததால்தான் பாதிப் பேருக்குச் சந்திப்பு கைநழுவுகிறது). வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வீடியோ கால், எந்த எண்ணிலிருந்து. கோடை விடுமுறையில் எத்தனை நாள், பொங்கலும் தீபாவளியும் ஒரு வருடம் இங்கே ஒரு வருடம் அங்கே, குழந்தையின் பிறந்த நாளில் எத்தனை மணி நேரம். பள்ளி ரிப்போர்ட் கார்டும் மருத்துவ விவரமும் இரண்டு பேருக்கும் கிடைக்க வேண்டும் என்று தனி வரி.

வீடியோ காலை நீங்கள் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. குழந்தை யாரிடம் இல்லையோ அந்தப் பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ரொம்ப நாளாகக் குழந்தையைப் பார்க்காதவர் எடுத்த எடுப்பில் இரவு தங்க வைக்கக் கேட்காதீர்கள். முதல் இரண்டு மாதம் நீதிமன்ற வளாகத்தில் குழந்தைகளுக்கென்று இருக்கும் அறையில் இரண்டு மணி நேரம், அடுத்த மூன்று மாதம் வெளியே பகல் முழுக்க, அதற்கப்புறம் மாதம் ஒரு இரவு என்று படிப்படியாகக் கேளுங்கள். குழந்தைக்கும் அதுதான் நல்லது, நீதிபதிக்கும் உங்கள் மேல் நம்பிக்கை வரும். அந்த அறையில் பழைய பொம்மைகளுக்கு நடுவே பக்கத்தில் ஆட்கள் வேடிக்கை பார்க்க மகளோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சந்திப்பைக்கூட விடாதீர்கள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பதிவுதான் அடுத்த படிக்கு உங்கள் ஆதாரம்.

ஆதாரம் என்றதும் இன்னொன்று. ஒரு நோட்டுப் போட்டு தேதி வாரியாக எழுதுங்கள்: போனேன், கதவு திறக்கவில்லை, எத்தனை மணிக்கு மெசேஜ் அனுப்பினேன், என்ன பதில் வந்தது. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிற்காமல் போனிலும் அழிக்காமல் வைத்திருங்கள், நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ல் சொல்லும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு கொடுங்கள் (பழைய சட்டத்தின் 65-பி தான் இது). குடும்பநல நீதிமன்றம் சாட்சிய விதிகளை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது, ஆனாலும் சான்றிதழ் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வாதம் குறையும்.

உத்தரவு இருந்தும் காட்டவில்லை என்றால்

முதலில் செய்யக் கூடாதவை. ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள். அவர்கள் குழந்தையைக் காட்டவில்லை, நான் பணம் தரவில்லை என்பது உங்களுக்கு நியாயமாகப் படும், நீதிமன்றத்துக்கு அது குழந்தையைப் பட்டினி போட்டதாகத்தான் படும். பள்ளி வாசலில் நின்று குழந்தையை இழுத்துக்கொண்டு வராதீர்கள், பத்து நிமிட ஆவேசத்தில் பல மாத உழைப்பு போய்விடும். போலீஸ் நிலையத்துக்கு ஓடுவதிலும் பெரும்பாலும் பலன் இல்லை, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அனுப்புவார்கள்.

செய்ய வேண்டியது: தவறவிட்ட ஒவ்வொரு தேதியையும் பட்டியல் போட்டு உத்தரவை அமல்படுத்தக் கேட்டு மனு. தடை உத்தரவை மீறினால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 39 விதி 2ஏ-ன் கீழ் சொத்து ஜப்தியும் மூன்று மாதம் வரை சிவில் சிறையும் உண்டு. நீதிமன்ற அவமதிப்பு மனு என்றால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், குழந்தையின் அம்மாவையோ அப்பாவையோ ஜெயிலுக்கு அனுப்ப எந்த நீதிபதியும் சுலபத்தில் மனம் வைக்க மாட்டார், நீங்களும் அதை விரும்பக் கூடாது. அதனால் கூடவே இன்னொரு மனுவில், போன நாட்களுக்கு ஈடாகக் கூடுதல் நாள், ஒப்படைக்கும் இடத்தை மாற்றுவது என்று உத்தரவைத் திருத்தக் கேளுங்கள். குழந்தை பற்றிய உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல, சூழ்நிலை மாறினால் எத்தனை முறையும் மாற்றக் கேட்கலாம்.

இடைக்கால உத்தரவே தப்பாக வந்துவிட்டது என்றால் குடும்பநல நீதிமன்றச் சட்டம் பிரிவு 19-ன் அப்பீல் அதற்குப் பொருந்தாது, அரசியலமைப்புப் பிரிவு 227-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் சிவில் ரிவிஷன் (சீராய்வு மனு) போடுவதுதான் வழக்கம். இறுதித் தீர்ப்புக்கு அப்பீல் காலம் 30 நாள். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு உத்தரவு நடுவில் இருக்கும்போது

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் பெண்கள் 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போகலாம், அவசரத்துக்கு 181. பிரிவு 18 பாதுகாப்பு உத்தரவு, பிரிவு 21 குழந்தையின் தற்காலிகக் கஸ்டடி, பிரிவு 23 எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு. சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு என்று தோன்றினால் மாஜிஸ்திரேட் சந்திப்பையே மறுக்கலாம். இதே நிவாரணங்களைக் குடும்பநல நீதிமன்றத்திலும் கேட்கலாம் என்று பிரிவு 26 சொல்கிறது, அதனால் இரண்டு நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டுமா என்று முதலிலேயே வக்கீலிடம் பேசிவிடுங்கள். பாதுகாப்புக் கேட்பவர் குழந்தையை ஒப்படைக்கும் நேரத்தில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொது இடம், மூன்றாவது நபர், தங்கும் முகவரியை வெளியிடாமல் இருப்பது, இதெல்லாம் தைரியமாகக் கேட்கக்கூடியவை.

உங்கள் மேல் அப்படி ஓர் உத்தரவு இருந்தால் அதை வரி வரியாகப் படியுங்கள். எந்த விதத்திலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று இருந்தால், குழந்தையை எத்தனை மணிக்குக் கூட்டிவருவாய் என்று நீங்கள் அனுப்பும் ஒரு சாதாரண மெசேஜ் கூட மீறல்தான். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் அல்ல. அதற்காகக் குழந்தையைப் பார்க்கவே முடியாது என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம். பாதுகாப்பு உத்தரவு தானாகவே சந்திப்பு உரிமையை ரத்து செய்துவிடாது. நீதிமன்றத்துக்குப் போய், சந்திப்பு பற்றிப் பேச மட்டும் ஒரு வழி, ஒப்படைக்க ஒரு நபர் என்று தெளிவு கேளுங்கள். வாய்தா தேதி வரும்வரை நீங்களாக ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்க

முதல் கேள்வி, குழந்தையின் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது? இன்னும் எடுக்கவே இல்லை என்றால், எடுக்க இரண்டு பெற்றோரின் அனெக்சர் டி உறுதிமொழி வேண்டும், ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் மட்டும் விண்ணப்பித்தால் அனெக்சர் சி. அதில் பொய் சொன்னாலும் உண்மையை மறைத்தாலும் பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 12-ன் கீழ் குற்றம். வழக்கு எண்ணோடு, உத்தரவு இருந்தால் அதன் நகலோடு, மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பிவையுங்கள்.

குழந்தை வெளிநாட்டில் பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தால் கதை வேறு, இந்தியப் பாஸ்போர்ட் அலுவலகம் அதில் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை என்றால், பாஸ்போர்ட் விண்ணப்பம் வந்தால் பெற்றோருக்குத் தகவல் சொல்லும் ஒரு திட்டம் அந்த நாட்டு வெளியுறவுத் துறையில் இருக்கிறது, தூதரகம் மூலமாகப் பெயர் கொடுத்துவிடலாம். மற்ற நாடுகள் என்றால் அந்தந்தத் தூதரகத்துக்கு நீதிமன்ற உத்தரவை எழுத்தில் அனுப்புங்கள்.

அடுத்தது நீதிமன்றம். அவசர ஐ.ஏ.வில் மூன்று பரிகாரம் சேர்ந்து வர வேண்டும்: நீதிமன்ற அனுமதி இல்லாமல் குழந்தையை இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை, குழந்தையின் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க உத்தரவு, இந்த உத்தரவைக் குடியேற்றப் பணியகத்துக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் தெரிவிக்க உத்தரவு. மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். விமான நிலையத்தில் கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் தடை உத்தரவு பற்றி எப்படித் தெரியும்? வக்கீல் கடிதத்தை வைத்து யாரையும் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். லுக்அவுட் சுற்றறிக்கையும் (ஒருவர் நாட்டைவிட்டுப் போனால் விமான நிலையத்தில் நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) தனிநபர் கேட்டு வருவதல்ல, அதற்கும் நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் தடை கிடைக்காது. வேலையை ராஜினாமா செய்தது, பள்ளியில் டி.சி. வாங்கியது, வீட்டை விற்க விளம்பரம் கொடுத்தது, விசா விண்ணப்பம், திரும்பி வர டிக்கெட் இல்லாத பயணம், இனிமேல் பிள்ளையை மறந்துவிடு என்று வந்த மெசேஜ், இப்படி ஏதாவது இரண்டு மூன்று காட்டுங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைத்துவிட்டால் அதோடு வேலை முடியவில்லை: உத்தரவு, மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே அவர்களுக்கு அனுப்பி, அனுப்பியதாக அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் (ஆணை 39 விதி 3). இதை விட்டதற்காகவே தடை ரத்தாவது உண்டு. மாறாக, உங்களைக் கேட்காமல் எதிர்த்தரப்பு உத்தரவு வாங்கிவிடும் என்று நீங்கள் நினைத்தால் கேவியட் (என்னையும் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே போடும் மனு) போட்டுவையுங்கள், 90 நாளைக்குச் செல்லும், முடிவதற்குள் புதுப்பியுங்கள்.

நீதிமன்றமே உங்களைப் பாதுகாவலராக நியமித்திருக்கிறது என்றால் இன்னும் கவனம். யாரும் தடை வாங்காவிட்டாலும் அனுமதி இல்லாமல் குழந்தையை நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1890 சட்டத்தின் பிரிவு 26 சொல்கிறது.

ஏற்கெனவே போய்விட்டார்கள் என்றால்

குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடத்திக் கொண்டுபோவது பற்றிய 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. இலங்கை சேர்ந்திருக்கிறது, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் இருக்கின்றன. நாம் இல்லாததால் இங்கிருந்து கொண்டுபோன குழந்தையை அந்த ஒப்பந்தத்தைக் காட்டித் திருப்பிக் கேட்க முடியாது, குழந்தை இருக்கும் நாட்டின் நீதிமன்றத்தில் அந்த ஊர் வக்கீலை வைத்துத்தான் கேட்க வேண்டும். இங்கே வாங்கிய உத்தரவு அங்கே வலுவான ஆதாரம், அதனால் முதலில் இங்கே உத்தரவு, உடனே அங்கே மனு. நாள் கடத்தினால் குழந்தை அந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் பழகிவிட்டது என்பதே உங்களுக்கு எதிரான வாதமாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து குழந்தையை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். 2009-ல் ஒரு வழக்கில் குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பி அழைத்துப் போக உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2017-ல், வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு ஒரு காரணம் மட்டுமே, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அங்கே உத்தரவு வாங்கிவிட்டேன், குழந்தை வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையின் பள்ளி, மருத்துவம், அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாவற்றையும் காகிதத்தில் காட்டுங்கள்.

முறையாக அனுமதி வாங்கிப் போக

எதிர்த்தரப்பு சம்மதித்தால் நோட்டரி முன் கையெழுத்தான சம்மதக் கடிதம் வாங்கி, அதையே கூட்டு மெமோவாக (இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தரும் குறிப்பு) நீதிமன்றத்தில் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். வெறும் கடிதத்தை நம்பினால் கடைசி நாளில் சம்மதம் வாபஸ் ஆகலாம். சம்மதம் இல்லை என்றால் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனு. விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது போட்டால் பதில் மனுத் தாக்கலுக்கு ஒரு வாய்தா போகும், அப்புறம் விடுமுறையே முடிந்திருக்கும்.

மனுவில் எதையும் ஒளிக்காதீர்கள். எங்கே தங்குகிறீர்கள், யார் வீடு, எந்தத் தேதி போய் எந்தத் தேதி வருவீர்கள், போக வர டிக்கெட் (பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் எடுங்கள்), காப்பீடு, பள்ளித் திறக்கும் தேதி, அந்த நாட்களில் வர வேண்டிய சந்திப்புக்கு ஈடாக எந்த நாள் தருவீர்கள், அங்கிருந்து எந்த நேரத்தில் வீடியோ கால். திரும்பி வருவேன் என்ற உறுதிமொழியை நீங்களாகவே பிரமாணப் பத்திரத்தில் கொடுங்கள், வங்கி வைப்பையோ சொத்துப் பத்திரத்தையோ பிணையாகத் தர முன்வாருங்கள். நீதிபதி கேட்பதற்கு முன் நீங்கள் சொன்னால் அதற்கு மதிப்பே வேறு.

போய் அங்கேயே குடியேறுவது என்றால் சில சமயம் நீதிமன்றம் கண்ணாடி உத்தரவு கேட்கும், அதாவது இங்கே தந்த அதே நிபந்தனைகளை அந்த நாட்டு நீதிமன்றமும் உத்தரவாகப் போட வேண்டும். நீங்கள் இங்கே இருக்கப்போகும் பெற்றோர் என்றால் அதைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2020-ல் இப்படி ஒரு நிபந்தனையோடு ஒரு குழந்தையை அப்பாவோடு கென்யாவுக்கு அனுப்ப உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நிபந்தனைகள் காப்பாற்றப்படாததால் மறு வருடமே உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது, அதற்குள் குழந்தை கென்யாவில். அந்த நாட்டில் நீங்களே ஒரு வக்கீல் வைத்து, உத்தரவு உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று குழந்தை விமானம் ஏறும் முன் பார்த்துவிடுங்கள்.

இந்த மனுக்களில் குழந்தையை நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பேசுவது உண்டு. விவரம் புரியும் வயதுக் குழந்தையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890 சட்டத்தின் பிரிவு 17 சொல்கிறது. தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஒன்பது வயதுக் குழந்தை வாயிலிருந்து அதிகார வரம்பு என்ற வார்த்தை வந்தால் நீதிபதிக்குத் தெரியாதா? அதைவிட, அந்தக் குழந்தை உங்களுக்காகப் பொய் சொன்ன பாரத்தை ரொம்ப நாள் சுமக்கும். நீதிபதி நல்லவர், மனதில் இருப்பதைச் சொல்லு, என்ன சொன்னாலும் நான் கோபப்பட மாட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அனுமதி கிடைத்ததும் உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், சம்மதக் கடிதம் இருந்தால் அது, எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். நீதிமன்றத்தில் இருக்கும் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கவும் ஒரு மனு, அதற்கும் சில நாள் ஆகும். திரும்பி வந்த வாரத்திலேயே போர்டிங் பாஸ் நகலும் குடியேற்ற முத்திரை உள்ள பக்கத்தின் நகலும் வைத்து, சொன்ன தேதியில் திரும்பிவிட்டோம் என்று ஒரு மெமோ போட்டு, பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருட விடுமுறை மனுவில் முதல் ஆவணமாக அந்த மெமோவைத்தான் வைப்பீர்கள்.